தேவையான இடத்துக்கு மட்டும் குளிர்: ரவூஃப் பாய் நினைவில்

செய்தி வந்தபோது நான் ஆய்வு நிலையத்தின் மொட்டைமாடியில் இருந்தேன். திருச்சியிலிருந்து வந்திருந்த கட்டடக்கலை மாணவர்களுக்கு, சூரியத் தகடுகளைத் தளத்திலிருந்து ஆள் உயரத்துக்கு ஏன் தூக்கி வைத்தோம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கைபேசியில் நஸீமாவின் பெயர் வந்தது. ரவூஃப் பாயின் மகள் வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறவள் அல்ல. எடுத்ததும், "அக்கா, அத்தா மௌத்தாயிட்டாங்க," என்றாள். அழவில்லை. "அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருவீங்கள்ல?" என்று மட்டும் கேட்டாள். வந்துவிடுகிறேன் என்றேன்.

மாணவர்கள் காத்திருந்தார்கள். பாதியில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. தகடுகளுக்கு அடியில் காற்று போவதால் தளம் நாள் முழுவதும் நிழலில் கிடக்கிறது, தகடும் சூடு தணிந்து கூடுதலாக மின்சாரம் தருகிறது என்று சொல்லி முடித்தேன். "இந்த யோசனை என்னுடையதல்ல. அப்துல் ரவூஃப் என்ற குளிர்சாதனப் பொறியாளர் சொன்னது. அவர் இன்று காலை இறந்துவிட்டார்," என்றும் சொன்னேன். பிறகு பெரம்பலூர் போய் அவர் ஊரான லப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் ஏறினேன். எந்தப் பக்கம் வெயில் விழாது என்று பார்த்து உட்கார்ந்தேன். அவரோடு பஸ்ஸில் போயிருக்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் எப்படித் தொற்றிக்கொள்ளும் என்று தெரியும். முன்பின் தெரியாதவர்களிடம்கூட, "அண்ணே, இந்தப் பக்கம் வந்துருங்க. பஸ்சு திரும்புனா ஒங்க மேலதான் அடிக்கும்," என்பார். ஏறக்குறைய எப்போதும் அப்படியே நடக்கும்.

அவரைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சிறு அறிமுகம். ரவூஃப் பாய் இருபது வருடங்களுக்கு மேல் வளைகுடாவில் உயரமான கண்ணாடிக் கட்டடங்களுக்குக் குளிர்சாதனம் வடிவமைத்தவர். ஊருக்குத் திரும்பியதும் பெரம்பலூரில் சின்ன ஆபீஸ் ஒன்று போட்டு, மருத்துவமனைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் எங்கள் ஆய்வு நிலையம் கட்டும் பேச்சு தொடங்கியபோது, அதை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் அவரைக் கூட்டி வந்தார். மக்காச்சோளம், பருத்தி போன்ற மானாவாரிப் பயிர்களையும் மண்ணையும் தண்ணீரையும் ஆராய்வதுதான் நிலையத்தின் வேலை. மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனமாகச் செலவழிக்க ஊருக்கு வழி சொல்லப்போகிறவர்கள் தாங்களே ஊதாரியாக இருக்க முடியாது, ஆகவே கட்டடமும் ஓர் ஆராய்ச்சியாக இருக்க வேண்டும் என்பது இயக்குநர் டாக்டர் கோமதியின் நிபந்தனை. வரைபடம் என் பொறுப்பு.

முதல் கூட்டத்துக்கு நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். நான் தா.பழூர் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். சுவரும் நிழலும் காற்றும் இருந்தால் போதும், ஒரு ஏசிகூட இல்லாமல் இந்தக் கட்டடத்தை நிமிர்த்திக் காட்டுவேன் என்று மனத்துக்குள் சபதமே எடுத்திருந்தேன். ஏசிக்காரர் வந்தால் பெரிய இயந்திரம் ஒன்றை என் மொட்டைமாடியில் ஏற்றத்தான் பார்ப்பார் என்பது என் கணிப்பு. அவர் என் வரைபடத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். "விதைய எங்க வைப்பீங்க மேடம்?" என்றார்.

"வடக்குப் பக்கம், தடிச்ச சுவருக்கு உள்ளே," என்றேன்.

"விதை சுவரப் பாத்து ஒறங்காதுங்க. அதுக்குக் குளிர் வேணும். மண்ணு சோதிக்கிற மெசினுக்கும் வேணும். ஏசி பாவம் இல்ல மேடம். தேவையில்லாத எடத்துல போட்டாத்தான் பாவம்." பேனாவை எடுத்து, குளிர் கட்டாயம் தேவைப்படும் அறைகளை மட்டும் வட்டமிட்டார். பெரும்பாலும் கீழ்த்தளத்தில், ஒரே மூலையில் அடங்கின. "இதயெல்லாம் ஒண்ணாச் சேத்து நல்லா மூடிருவோம். மத்த எடமெல்லாம் ஒங்க இஷ்டம். ஃபேனும் சன்னலும் போதும்." என் சபதம் அங்கேயே முடிந்தது. ஆனால் கட்டடத்தில் பெரும்பகுதி எனக்குக் கிடைத்துவிட்டது. எதிராளி என்று நினைத்துப் போனவரோடு அன்று மாலை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

அடுத்த தடை தலைவரிடமிருந்து வந்தது. அவர் உடையார்பாளையம் பக்கத்து நிலக்கிழார் குடும்பம். நிலையத்துக்கு நிலம் கொடுத்ததும் அவர்தான். சாலை மேற்கே இருந்தது. அந்தப் பக்கம் முழுவதும் கண்ணாடி வேண்டும் என்றார். "ரோட்ல போறவன் திரும்பிப் பாக்கணும்ல? இது என்னமோ கிட்டங்கி மாதிரி இருக்கு," என்று என் வரைபடத்தைத் தள்ளினார். நான் சூரியன் சாயும் கோணத்தையெல்லாம் திரையில் போட்டுக் காட்டினேன். அவர் அசையவில்லை.  கூட்டம் முடிந்ததும் ரவூஃப் பாய் அவரிடம், "சார், டவுன்ல ஒரு சின்ன வேல இருக்கு. ஒங்க கார்ல வரலாமா?" என்று கேட்டார். என்னையும் வரச் சொன்னார்.

பெரம்பலூரில் ஒரு துணிக்கடை. மேற்குப் பார்த்த வாசல், தரையிலிருந்து மாடிவரை கண்ணாடி. கடைக்காரர் காதர், பாய்க்குத் தங்கை மகன் முறை. மாலை நான்கு மணி இருக்கும். உள்ளே திரையெல்லாம் இறங்கியிருக்க, எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"கண்ணாடி ஷோக்கா இருக்கே காதரு," என்றார் பாய்.

"நீங்க வேற மாமா! மத்தியானத்துக்கு மேல திரைய எறக்கிவுட்டுட்டு லைட்டப் போட்டுக்கிட்டுல்ல உக்காந்துருக்கேன். முன்னாடி மாட்டுன சீலையெல்லாம் வெளுத்துப் போச்சு. ஏசி வேற ஓயாம ஓடுது."

தலைவர் திரையை விலக்கிக் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். உடனே எடுத்துவிட்டார்.  திரும்பும் வழியில், "அப்ப ரோட்டுலேருந்து பாத்தா நம்ம கட்டடத்துல என்னதான் தெரியும்?" என்று கேட்டார்.

"நெழல் தெரியும் சார்," என்றார் பாய். "சித்திர மாசத்துல அத வுட எது கண்ணுக்குக் குளுமையாத் தெரியப்போவுது?"

தலைவர் சிரித்துவிட்டார். கண்ணாடி போனது. கிழக்கு மேற்காக நீண்ட கட்டடம், வடக்கிலும் தெற்கிலும் சன்னல், மேற்கே மாடிப்படியும் சாமான் அறையும் கழிப்பறையும் என்று இன்று நீங்கள் பார்க்கும் உருவம் அந்த வாரத்தில்தான் முடிவானது. சாலையிலிருந்து பார்த்தால் ஆழமான நிழல்தான் முதலில் தெரிகிறது. அழகாகவும் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது, ஒவ்வொரு அறையும் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றார். சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் உணரிகள் வைத்து, நுழைவாயிலில் எண்களைக் காட்டும் பெரிய மின்பலகை மாட்டச் செய்தார். திறப்பு விழாவில் எல்லோரும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்போது குளிர்காலம். எண்களெல்லாம் நன்றாக இருந்தன.

முதல் கோடை வந்தது. அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே மாடியில் உட்காரும் ஆராய்ச்சியாளர்கள் புலம்பத் தொடங்கினார்கள். வாசல் பலகை மாடி அறைகளைச் சிவப்பில் காட்டியது. மின்சாரமும் நாங்கள் வாக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகச் செலவானது. வசந்தி என்ற இளம் விஞ்ஞானி என்னைப் படிக்கட்டில் மறித்து, "மேடம், பசுமைக் கட்டடம்னு சொல்லி எங்களத்தான் வதக்குறீங்க," என்றாள்.  மாடி முழுவதும் ஏசி மாட்டிவிடலாம் என்று அறக்கட்டளையில் பேச்சு எழுந்தது. அது நடந்தால் இந்த வட்டாரத்தில் இனி யாரும் இப்படி ஒரு கட்டடம் கட்டத் துணிய மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வசந்தியின் முகத்தைப் பார்த்த பிறகு, மாட்டித் தொலையட்டும் என்றுதான் எனக்கே தோன்றியது.

அதே சமயத்தில் நன்கொடையாளர்கள் சிலர் நிலையத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. வாசல் பலகையை அன்றைக்கு மட்டும் அணைத்து வைக்கச் சொன்னார் தலைவர். ரவூஃப் பாய் அவர் முன்னால் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குரல் உயரவில்லை.

"சார், மறைச்சா இது ஷோரூம். காட்டுனாத்தான் ஆராய்ச்சி நிலையம். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"மானம் போயிருமே பாய்."

"என் மானம்தான சார் போவும்? போவட்டும். அடுத்த மீட்டிங் வரைக்கும் ஏசி பேச்ச எடுக்காதீங்க. அதுக்குள்ள என்ன கோளாறுன்னு நான் கண்டுபுடிக்கிறேன்."

பலகை எரிந்துகொண்டுதான் இருந்தது. வந்தவர்கள் நல்ல எண்களை ஒரு பார்வையில் கடந்துவிட்டு, சிவப்பு எண்களைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள். டாக்டர் கோமதி, "காரணம் இன்னும் தெரியவில்லை, தேடுகிறோம்," என்று ஒளிக்காமல் சொன்னார்.

மறுநாளே பாய் மாடியில் மிகவும் சூடான அறைக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அந்த மாதம்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்து, திருச்சியில் இதயக் குழாய்க்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். நஸீமா எனக்கு போன் செய்து சத்தம் போட்டாள். "அவங்களத் தயவுசெஞ்சு வூட்டுக்கு அனுப்புங்கக்கா. டாக்டர் என்ன சொல்லிருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" நான் போய்ச் சொன்னேன். அவர் காற்றாடிக்கு நேர் கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். "வூட்ல இருந்தாலும் இந்த ரூமத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன்ம்மா. அதுக்கு இங்கயே உக்காந்து நெனைச்சுட்டுப் போறேன்," என்றார். கோபமாக வந்தது. ஆனால் அவருக்கு மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, எதிரே நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

ஒரு நாள் பிற்பகல் அவர் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு மாடித் தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தார். டாக்டர் கோமதி பதறி ஓடி வந்தார். "பாய், லேப் பக்கம் நெருப்பு கொண்டு வராதீங்க!"

"லேபுக்குள்ள வரல டாக்டர், வெளியதான் நிக்கிறேன். இந்தப் பொகை எங்க போவுதுன்னு மட்டும் பாருங்க."

புகை மேலே போகவில்லை. கயிறு கட்டி இழுத்ததுபோலத் தாழ்வாரத்தோடு ஓடி, அங்கேயே மாடியில் இருந்த சோதனைக்கூடக் கதவின் இடுக்கில் நுழைந்தது. அமிலம் கையாளும் சோதனைக்கூடங்களில் ஃப்யூம் ஹூட் என்று ஒன்று இருக்கும். முன்பக்கம் ஏற்றி இறக்கும் கண்ணாடி உள்ள பெட்டி. நச்சுப் புகையை உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளிவிடும். வெளியே தள்ளும் அளவுக்கு வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். எங்கள் கட்டடத்தில் அந்தக் காற்று வெளியிலிருந்து மாடிப்படி வழியாக அனலாக வந்து, மாடி அறைகளையும் தாழ்வாரத்தையும் சூடாக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வேலை இல்லாத நேரத்திலும் பெட்டிகளின் கண்ணாடி திறந்தே கிடந்தது. அதனால் மின்சாரமும் வீணானது. இன்னொன்றும் தெரியவந்தது. இரவில் குளிர்ந்த காற்று உள்ளே வந்து சுவரையும் கூரையையும் ஆற்ற வேண்டும் என்று வைத்த மேல் சன்னல்களை, பாம்பு ஒன்று நுழைந்ததிலிருந்து காவலர்கள் மூடிவிட்டிருந்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. கம்பி வலை போடாதது எங்கள் குறை.

அறக்கட்டளைக் கூட்டத்தில் நான் எழுந்து, சோதனைக்கூடத்தில் கண்ணாடியை மூடாமல் விடுவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ரவூஃப் பாய் என்னை உட்காரச் சொன்னார்.

"அவங்க மூடாம வுட்டது ரெண்டாவது. மொதல் தப்பு என்னுது. பொட்டி வெளிய தள்ற காத்துக்குச் சமமா உள்ள வர்றதுக்கு நான் வச்ச வழி பத்தல. கணக்குல நான்தான் கொறச்சுட்டேன். கட்டடத்து மேல ஒரு கொறையும் இல்ல, தமிழ்ச்செல்வி மேடம் வரஞ்சது சரியாத்தான் இருக்கு. சரி பண்ணித் தரேன்."

 அத்தனை வருட அனுபவமுள்ள ஒருவர், தன் பெயர் அடிபடும் என்று தெரிந்தே, இவ்வளவு சுருக்கமாகத் தவறை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. தலைவர் முன்னாலிருந்த கோப்பை மூடினார். "சரி பாய். செய்யுங்க," என்றார். ஏசி பேச்சு அதோடு நின்றது.

சோதனைக்கூடத்தின் வடக்குச் சுவரில் நேரடியாகக் காற்று வர வழி உடைத்தோம். தாழ்வாரக் கதவுகளைத் தானே மூடிக்கொள்ளும்படி செய்தோம். மேல் சன்னல்களுக்கு வலை போட்டோம். ஃப்யூம் ஹூட் கண்ணாடிகளை வேலை முடிந்ததும் இறக்கிவிடும்படி டாக்டர் கோமதி தானே சுற்றி வந்து பழக்கினார். வேலை முடிந்த சில நாட்களில், நல்ல வெயில் நேரத்தில், நான் மாடிக்குப் போனேன். வசந்தி மேசைமேல் பறக்கும் தாள்களை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையால் காற்றாடி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். வாசல் பலகையில் மேற்கே மாடிப்படியை ஒட்டிய இரண்டு அறைகள் மட்டும் சிவப்பாகவே இருந்தன. அந்த இரண்டுக்கும் பாய் தயங்காமல் ஏசி போட்டார். நான் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள், "இது தேவையான எடம்," என்றார்.

இப்போது வெளியூர் ஆட்கள் வந்தால் தலைவர்தான் அந்த ஊதுபத்திக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் நீளுகிறது. கடைசியாகக் கேட்டபோது ஊதுபத்தியைக் கொளுத்திக் கொடுத்ததே அவர்தான் என்று இருந்தது. பாய் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அவரைப் பார்க்க லப்பைக்குடிக்காடு போனேன். வளைகுடாவில் இருந்தபோதே போனில் சொல்லிச் சொல்லிக் கட்டிய வீடு அது. முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி. அவர் வீட்டுக்கு அதுதான் நான் முதல்முறை போவது. வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தவர் சிரித்தார். "பாத்துட்டியா? கண்ணாடி வேணாம்னு சொல்ல சார ஏன் துணிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன்னு இப்பப் புரியுதா? இருபது வருசம் ஊரான் கட்டடத்துல வெயில உள்ள வுட்டு, அத வெளிய தள்ள மெசின் போட்டவன். கடைசில என் வூட்டுக்கும் அதையே பண்ணி வச்சேன்." அவர் மனைவி, "இவங்க ஊருக்குத்தான் நெழல் வைப்பாங்க. எங்களுக்கு வெயில்தான்," என்றபடி டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

அன்று நான் மாணவர் விடுதியின் வரைபடத்தை எடுத்துப் போயிருந்தேன். நிலையத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காக அதன் பக்கத்தில் கட்டப்போகிறோம். அவர் எழுந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பார்த்த மாத்திரத்தில் சண்டை தொடங்கிவிட்டது. சமையற்கூடத்தை மேற்கே கொண்டுபோ, பிள்ளைகள் தூங்கும் அறைகளுக்கு அது கேடயமாக இருக்கும் என்றார். சமைக்கிற பெண்கள் அடுப்புச் சூட்டோடு சாயங்கால வெயிலையும் சேர்த்து வாங்க வேண்டுமா என்று கேட்டேன். கூரையை உயர்த்தலாம், புகையை மேலே விடலாம், அடுப்பு மேடையைக் கிழக்கே தள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் விடவில்லை. மூச்சு வாங்கியது. நஸீமா வந்து, "போதும் அத்தா," என்றாள்.

"நீ சொல்றதுலயும் ஞாயம் இருக்குமா," என்றார் என்னிடம். "ஆனா நான் வுட மாட்டேன். மீட்டிங்ல பேசிக்குவோம். இன்ஷா அல்லா வந்துருவேன்."

அடக்கத்தன்று ஆண்கள் ஜனாஸாவைச் சுமந்துகொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிய பிறகு நான் பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். நஸீமா பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "ஒங்கள்ட்ட சண்ட போட்ட அன்னைக்கு அத்தா ரெண்டு இட்லி கூடுதலாத் தின்னாங்க," என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

விடுதி பற்றிய அந்தக் கூட்டம் வரும் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து வைத்திருப்பீர்கள். நான் எடுத்து வைத்திருப்பது முடியாமல் நிற்கும் இந்த வழக்கைத்தான். சமைக்கிற பெண்களுக்காக என் பக்கத்தைப் பேசுவேன். பிறகு தூங்குகிற பிள்ளைகளுக்காக அவர் பக்கத்தையும் நானே பேசுவேன். ஒரு வாதத்தையும் விடாமல், அவர் பேசியிருக்கக்கூடிய அளவுக்குப் பிடிவாதமாகப் பேசுவேன். தோற்றாலும் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான். விடுதி நன்றாக வரும்.